வயலின் வில்லின் தலை முறிந்துவிட்டது, ஒட்டலாமா?

தீவுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம், தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் கோவில் பாடகர் குழுவில் பெரியப்பா வாசித்துக்கொண்டிருந்த வயலின் இப்போது என்னிடம் இருக்கிறது, கூடவே அவருடைய பழைய வில்லும். போன வாரம் ஒத்திகை முடியும் நேரத்தில் காற்றுக்குக் கதவு அடித்து மேசையைத் தட்டியதில் வில் சிமெண்ட் தரையில் விழுந்தது. குச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேல்முனையில் முடி போய்ச் சொருகியிருக்கும் அந்தத் தலைப்பகுதி அப்படியே பிளந்து, முடியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு சின்னச் சில்லுகளும் தரையில் கிடந்தன, அவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். குழுவில் ஒரு தம்பி பெவிக்விக் போட்டால் ஐந்து நிமிட வேலை என்கிறான். பக்கத்து வீட்டு அண்ணன் ஃபைபர் படகு வேலை செய்பவர், ரெசின் ஊற்றி ஒரு சுற்று கண்ணாடியிழைப் பாய் சுற்றிக் கொடுக்கிறேன், கடலுக்கே தாங்கும் என்கிறார். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கேட்டதற்குத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொன்னார்கள். வில்லின் பிடிக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் டூர்ட் என்று பெயர் பொறித்திருக்கிறது. இணையத்தில் தேடினால் பிரான்சு நாட்டில் பெரிய வில் செய்தவர் என்று வருகிறது, அதைப் பார்த்ததிலிருந்து கை வைக்கவே பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். விழுவதற்கு முன்பே இந்த வில்லில் தொல்லை இருந்தது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் எவ்வளவு திருகினாலும் முடி விறைக்காது, திருகாணியும் இறுகிப் போய்விடும். தலையைச் சரிசெய்தாலும் அது போகுமா? விலை எனக்கு முக்கியமில்லை. இந்த வில் மறுபடி கோவிலில் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

உச்சிப்புளி மாணவன்:

அக்கா, தலை போனால் போனதுதான் என்று எங்கள் சாரும் சொல்வார். கற்றுக்கொள்கிறவர்களுக்கான வில் ஆயிரம், இரண்டாயிரத்துக்கே கிடைக்கிறது. கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, இப்போதைக்கு ஒன்று வாங்கி வாசியுங்கள், பழையதைப் பெரியப்பா நினைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை வில்:

வணக்கம் அம்மா. மதுரையில் வில்லுக்கு முடி கட்டுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. உடைந்த முகத்தில் எந்தப் பசையும் படவிடாதீர்கள். பெவிக்விக், பெவிகால், அரால்டைட், படகு ரெசின், எதுவும் வேண்டாம். ஒட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். அப்படி வந்தால் முதலில் பழைய பசையைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், சுரண்டும்போது மரமும் கூடவே போகும், அப்புறம் இரண்டு பாதியும் பொருந்தாது. முறிவு சுத்தமாக இருக்கும்வரைதான் நல்ல வேலை செய்ய முடியும். துண்டுகளைப் பொருத்திப் பொருத்திப் பார்ப்பதும் கூடாது, மர இழைகள் மழுங்கிவிடும். சில்லுகளை எடுத்து வைத்தீர்களே, அதற்கு என் நன்றி. ஒரு காகிதத்தில் மடித்துத் தனியாக வையுங்கள்.

ஏன் வெறும் பசை நிற்காது என்று சொல்கிறேன். வில்லின் குச்சியும் தலையும் ஒரே மரத்துண்டு. மர இழை குச்சியின் நீளவாக்கில் ஓடுகிறது, நல்ல வலு. ஆனால் தலை அந்தக் குச்சியிலிருந்து கீழ்நோக்கி இறங்குகிறது, இழையோ இன்னும் அதே நீளவாக்கில்தான் இருக்கிறது. ஆகவே தலையின் கழுத்தில் இழை குறுக்காக, அரை அங்குலம்கூட இல்லாமல் வெட்டுப்பட்டு நிற்கிறது. முடியை விறைத்தால் சுமார் 6 கிலோ இழுவிசை வருகிறது, அது முழுக்கத் தலையைப் பிடியை நோக்கி இழுக்கிறது. அதனால்தான் உங்களுடையதைப் போலத் தரையில் பட்டதும் சரியாக அந்த இழை வழியாகவே பிளக்கிறது. பெவிகால் மாதிரி வெள்ளைப் பசை இந்த ஓயாத இழுப்புக்கு மெதுவாக நகர்ந்து கொடுத்துவிடும். பெவிக்விக் நொறுங்கும் தன்மை உள்ளது, வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் தலை தெறிக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படாமல் இருந்தால் அதிர்ஷ்டம். தச்சர்கள் வயலின் உடம்புக்குப் போடும் வச்சிரமும் இந்த இடத்துக்குத் தனியாகப் போதாது.

சரியான வேலை என்பது இதுதான். முதலில் முறிவை மிக மெல்லிய கோடாக, இம்மி பிசகாமல் ஒட்ட வேண்டும். காய்ந்ததும் தலையின் நடுவில் நீளவாக்கில் ஒரு மெல்லிய பிளவு அறுத்து, அதற்குள் ஒரு மரத்தகட்டைப் பதிக்க வேண்டும். அந்தத் தகட்டின் இழை முறிவுக்குக் குறுக்கே ஓடும்படி இருக்க வேண்டும், வலு முழுக்க அதில்தான் இருக்கிறது. அப்புறம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைச் சீவி, நிறம் கொடுத்து, முடி சொருகும் குழியை மறுபடி வெட்டி, முனையின் அடியில் இருக்கும் எலும்புத் தகட்டையும் சரிசெய்ய வேண்டும். இப்படிச் செய்த வில்கள் பல வருடம் நன்றாக வாசிக்கின்றன. முனையில் எடை பெரிதாகக் கூடுவதும் இல்லை. ஆனால் விற்கப் போனால் பழைய விலையில் கொஞ்சம்தான் கிடைக்கும், தலை முறிந்த வில்லை வாங்குகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். உங்களுக்கு விலை முக்கியமில்லை என்றீர்கள், அதனால் தயங்காமல் செய்யலாம் என்கிறேன். கடைக்காரர் சொன்னதும் முழுத் தவறில்லை, மலிவான வில்லாக இருந்தால் இந்த வேலைக்கு ஆகும் கூலியில் நல்ல புது வில் வந்துவிடும். அதனால் முதலில் இது என்ன வில் என்று தெரிய வேண்டும்.

பொறித்திருக்கும் பெயரை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பிரான்ஸுவா சேவியர் டூர்ட் 1747இல் பிறந்து 1835இல் இறந்தவர், இன்று நாம் பிடிக்கும் வில்லின் நீளம், உள்வளைவு, தலையின் வடிவம் எல்லாம் அவர் காலத்தில், அவர் கையில் நிலைபெற்றவை. ஆனால் அவர் தன் வில்களில் பெயர் பொறித்தது மிக அபூர்வம். அவர் பெயரைப் பொறித்து உலகம் முழுக்க விற்றவை பெரும்பாலும் ஜெர்மனியில், மார்க்நொய்கிர்ஷன் பக்கத்துப் பட்டறைகளில் செய்தவை. அதைக் கேட்டு மனம் தளர வேண்டாம், அந்தப் பட்டறை வில்களிலும் அருமையான குச்சிகள் இருக்கின்றன. பெர்னம்புகோ என்ற பிரேசில் மரமாக இருந்தால் நிச்சயம் காப்பாற்ற வேண்டும். அந்த மரம் காட்டில் அருகிவிட்டது, 2007இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நம்மூர் நாட்டு மருந்துக்கடையில் தண்ணீருக்குப் போடக் கொடுப்பார்களே பதிமுகம், அதற்கு நெருங்கிய உறவு அது, இரண்டுமே ஒரு காலத்தில் சாயத்துக்காகக் கப்பல் ஏறியவை.

குச்சியின் நிறம், எடை, கைப்பிடிப் பக்கத்தில் முடியைப் பிடித்திருக்கும் பிடிக்கட்டை எதனால் ஆனது, முனைத் தகடு எலும்பா பிளாஸ்டிக்கா, இவற்றை எழுதுங்கள். நகைக்கடைத் தராசில் எல்லாத் துண்டுகளையும் சேர்த்து நிறுத்துப் பார்த்தால் நல்லது. வயலின் வில் வழக்கமாக 60 கிராமை ஒட்டி இருக்கும்.

வள்ளத்து ஆசாரி:

பாம்பன் பக்கம் வள்ளம் கட்டுகிற குடும்பம். வயலின் எனக்குத் தெரியாது, மரம் தெரியும். மதுரைக்காரர் இழையைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வள்ளத்துக்கு வங்கு, அதாவது உள்ளே விலா எலும்பு மாதிரி நிற்கும் சட்டம் போட நேரான பலகையை வளைவாக அறுக்க மாட்டோம், வளைந்து வளர்ந்த கிளையாகத் தேடி எடுப்போம், அப்போதுதான் இழை வளைவோடு சேர்ந்து ஓடும். அறுத்த வளைவில் இழை வெட்டுப்பட்டு நிற்கும், ஓர் அலை மோதினால் அந்த இடத்தில்தான் பிளக்கும்.

தங்கச்சி, ரெசினைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் ஃபைபர் படகுக்கு இங்கே எல்லோரும் ஊற்றுவது பாலியஸ்டர் ரெசின். ஃபைபரோடு ஃபைபர் சேரும்போது அது இரும்பு. மரத்தில் அவ்வளவு பிடிக்காது, அதுவும் இறுக்கமான மரத்தில் கொஞ்ச நாளில் தோலாக உரிந்து வரும். மரத்துக்கு எபாக்சி வேறு சங்கதி, அது பிடிக்கும். ஆனால் கண்ணாடிப் பாய் சுற்றினால் அந்தச் சின்னத் தலை எவ்வளவு கனக்கும்? நுனி கனத்த துடுப்பைப் பிடிக்கவே கை ஒப்பாது. அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

மதுரைக்காரருக்கு ஒரு கேள்வி. குச்சி வளைவாகத்தானே இருக்கிறது, அதை அறுத்து எடுப்பதா, வளைப்பதா?

வைகைக்கரை வில்:

ஆசாரி அண்ணனுக்கு வணக்கம். வளைப்பதுதான். குச்சியை நேராகச் சீவி எடுத்து, அனலில் காட்டி, உள்வரை சூடேறியதும் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து ஆறவிடுவோம். இழை முனைவரை தொடர்ந்து ஓட வேண்டும் என்பதற்காகத்தான். சில மலிவு வில்களில் அறுத்தே வளைவு கொடுத்திருப்பார்கள், அவை சீக்கிரம் துவண்டுவிடும்.

தீவுக்காரி:

ஆசாரி அண்ணனுக்கும் மதுரை சாருக்கும் நன்றி. பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொன்னேன், பாலியஸ்டர்தான் என்று ஒத்துக்கொண்டார். அதோடு நிற்காமல் வில்லை வைத்துக் கொண்டுபோக ஒரு குழாய் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

கேட்ட விவரங்கள்: நகைக்கடையில் நிறுத்தோம், துண்டுகள் எல்லாம் சேர்த்து 59 கிராம். குச்சி செம்பழுப்பு, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஆரஞ்சாகத் தெரிகிறது, எண்கோணமாகச் சீவியிருக்கிறது. பிடிக்கட்டை கருங்காலி, பக்கத்தில் முத்துச்சிப்பிப் பொட்டு ஒன்று இருக்கிறது. முனைத் தகடு எலும்பு மாதிரி இருக்கிறது, நடுவில் விரிசல். உடைந்த உள்முகம் நல்ல ஆரஞ்சு நிறம்.

திருகாணி சுத்தமாக அசையவில்லை. கட்டையிலிருந்து வெளியே தெரியும் இரும்பில் துரு, பித்தளையில் பச்சை. கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பார்க்கலாமா?

வைகைக்கரை வில்:

எண்ணெய் வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். தேங்காய் எண்ணெயானாலும், துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயானாலும், திருகாணி வழியாகக் குச்சிக்குள் இறங்கி மரத்தில் ஊறிவிடும். எண்ணெய் ஏறிய மரத்தில் பின்னால் எந்தப் பசையும் பிடிக்காது. குறடு போட்டுத் திருகவும் வேண்டாம், குச்சியின் அடிப்பாகம் உள்ளே குடைந்திருக்கும், பிளந்தால் தலையை விடப் பெரிய வேலை. அதை அப்படியே கொண்டுவாருங்கள்.

நீங்கள் சொன்ன அடையாளங்களைப் பார்த்தால் பெர்னம்புகோவாக இருக்க நல்ல வாய்ப்பு, கையில் பார்த்துவிட்டுத்தான் உறுதியாகச் சொல்வேன். எப்படியானாலும் செய்ய வேண்டிய வில் என்றே படுகிறது.

திருகாணியைப் பற்றி எல்லோருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். உள்ளே எஃகுத் திருகாணி, அது பிடிக்கட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பித்தளைக் கண்ணுக்குள் ஓடுகிறது. பித்தளை மிருதுவானது, தேய்ந்தால் அதுதான் முதலில் தேய வேண்டும் என்பதற்காகவே அப்படி. திருகாணி சுற்றுகிறது, கட்டை நகரவில்லை என்றால் பித்தளையில் மரை போய்விட்டது என்று பொருள், அந்தக் கண்ணை மட்டும் மாற்றினால் போதும், மலிவான சாமான். உங்கள் கரையில் உப்புக்காற்று இரும்பையும் பித்தளையையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறது. மாதம் ஒரு முறை திருகாணியை முழுவதும் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, மெழுகுவர்த்தியை மரையில் லேசாகத் தேய்த்துவிட்டு மாட்டினால் இறுகவே இறுகாது. கழற்றும்போது கட்டையை முடியோடு திருப்பிவிடக் கூடாது, முடி முறுக்கிக்கொள்ளும்.

கொண்டுவரும் விதம்: முடியை நடுவில் கத்தரித்துவிடுங்கள், எப்படியும் புது முடிதான் கட்டப்போகிறோம், தலை தொங்கி ஆடி உரசுவது நிற்கும். தலையைத் தனியே காகிதத்தில் சுற்றி, குச்சியை ஒரு மரச்சட்டத்தோடு துணிநாடாவால் கட்டி, அண்ணன் தரும் குழாய்க்குள் போட்டுக் கையோடு ரயிலில் எடுத்து வாருங்கள். கூரியரில் அனுப்ப வேண்டாம்.

சங்குமால் வயலின்:

ராமேஸ்வரத்தில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். தலைப் பழுதைப் பற்றி மதுரை சார் எல்லாம் சொல்லிவிட்டார். முடி விறைக்காத சங்கதி நம் தீவுக்காரர்களுக்கே உரியது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

வில்லில் இருப்பது குதிரை வால் முடி, 150 முதல் 200 இழை வரை கட்டியிருப்பார்கள். முடி ஈரத்தில் நீளும், வறட்சியில் சுருங்கும். மதுரைக் காற்று நம்முடையதைவிட வறண்டது. அங்கே அளவாகக் கட்டிய முடி பாம்பன் பாலம் தாண்டியதும் நீள ஆரம்பித்துவிடும், அடைமழைக் காலத்தில் இன்னும் நீளும், பிடிக்கட்டை கடைசிவரை பின்னால் வந்தும் முடி தொளதொளவென்று கிடக்கும். அப்போது மேலும் மேலும் திருகுவதால்தான் மரை போகிறது. ஆகவே முடி கட்டக் கொடுக்கும்போதே, இது கடற்கரையில் வாசிக்கப்போகும் வில், முடியைச் சற்றுக் குட்டையாகக் கட்டுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். ரொம்பக் குட்டையாகவும் கூடாது, முழுவதும் தளர்த்திய பிறகும் இழுத்துக்கொண்டு நின்றால் குச்சியின் வளைவு போய்விடும்.

வாசித்து முடித்ததும் தளர்த்துவதை என் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகவே வைத்திருக்கிறேன். சரளி வரிசை அதற்கு அப்புறம்தான். மாலையில் தளர்வாக இருந்த முடி மறுநாள் பெட்டியை வெயிலில் வைத்தால் சுருங்கி இழுக்கும், அந்த நேரத்தில் பெட்டி லேசாகத் தட்டுப்பட்டாலே தலை போகும். வாசிக்கும்போதும் குச்சிக்கும் முடிக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழையும் இடைவெளி போதும். கச்சேரியில் நாதம் பெரிதாக வர வேண்டும் என்று விறைத்துக்கொண்டே போகிறார்கள், நாதம் முடியின் விறைப்பில் இல்லை, கையின் எடையிலும் வில் நகரும் வேகத்திலும் இருக்கிறது. அந்த விறைப்பில் வில் தாவுகிறது, கமகம் உடைகிறது, கேட்கவே கஷ்டமாக இருக்கும்.

முடியில் தேய்க்கும் பிசின், ரோசின், அதையும் கவனிக்க வேண்டும். நம் ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் கறுத்த, இளகிய ரோசின் பிசுபிசுக்கும், முடியில் கட்டி கட்டியாகச் சேரும். வெளிர் நிறத்தில் கெட்டியாக இருப்பதை வாங்குங்கள், கொஞ்சமாகப் போடுங்கள். சேர்ந்துவிட்டால் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். முடியைத் தண்ணீரில் கழுவவே கூடாது, தலைக்குள் முடியைப் பிடித்திருப்பது ஒரு சின்ன மர ஆப்பு மட்டும்தான், பசை கிடையாது, ஈரம் பட்டால் அது ஊதித் தலையையே பிளக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அது குச்சியில் சொட்டினால் வார்னிஷ் கரைந்துவிடும்.

கிறிஸ்துமஸுக்கு இடையில் ஒரு வில் வேண்டும் என்றால் கார்பன் ஃபைபர் வில் ஒன்று வாங்கி வையுங்கள். அதன் குச்சி ஈரத்துக்கு அசையாது, விழுந்தாலும் அவ்வளவு சுலபத்தில் உடையாது. முடி மட்டும் அதிலும் குதிரை முடிதான், நீளத்தான் செய்யும். பெரியப்பாவின் வில் திரும்பி வந்த பிறகும் ஒத்திகைக்கு அதை வைத்துக்கொண்டு, பாட்டுப் பூசைக்கு இதை எடுக்கலாம்.

தீவுக்காரி:

சார், ஒன்று புரிந்தது. இந்த வில்லுக்குக் கடைசியாக முடி கட்டியது மதுரையில்தான், பெரியம்மா சொன்னார்கள். அதனால்தான் மழைக்காலத்தில் அப்படி இருந்திருக்கிறது.

சனிக்கிழமை மதுரைக்கு வருகிறேன், சாருக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். பாடகர் குழுவில் இன்னொரு வயலின் நெடுநாளாகப் பூட்டிய அலமாரியில் கிடக்கிறது. நேற்று அதன் பெட்டியைத் திறந்தோம், அந்த வில்லில் பாதி முடி ஒரே இடத்தில் அறுந்து கொத்தாக விழுந்திருக்கிறது, யாரும் தொடவே இல்லை. அதையும் கொண்டுவரவா?

வைகைக்கரை வில்:

கொண்டுவாருங்கள், ஆனால் இரண்டையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். அது பூச்சி. கம்பளத்தை அரிக்கும் சின்ன வண்டு ஒன்று இருக்கிறது, அதன் புழு இருட்டில், மூடிய பெட்டியில் இருந்துகொண்டு முடியைத் தின்னும். பெட்டியின் வெல்வெட் மடிப்புகளில் மெல்லிய தோல் கூடுகள் தெரிகின்றனவா பாருங்கள். வயலினையும் வில்லையும் வெளியே எடுத்துவிட்டு, பெட்டியை வேக்குவம் போட்டு இண்டு இடுக்கெல்லாம் உறிஞ்சி, நல்ல வெயிலில் திறந்து வையுங்கள். அந்த அலமாரியில் வேறு கம்பளித் துணி, பூசைத் துணி ஏதாவது இருந்தால் அதையும் உதறிக் காயப்போடச் சொல்லுங்கள். அறுந்த முடிகளைப் பிடித்து இழுக்காமல் கத்தரிக்கோலால் இரண்டு முனையிலும் ஒட்டக் கத்தரித்துவிடுங்கள், இழுத்தால் மீதி முடியின் முடிச்சும் தளரும். ஒரு பக்கம் மட்டும் முடி இருக்கிற நிலையில் அதை விறைக்க வேண்டாம், குச்சி பக்கவாட்டில் கோணிவிடும்.

இரண்டுக்கும் முடியைக் கடற்கரை அளவுக்கே கட்டுகிறேன். தலை வேலைக்குப் பசை காய நேரம் வேண்டும், அதனால் பெரியப்பாவின் வில்லை அன்றே திருப்பித் தர முடியாது. பூச்சி அரித்ததை அன்று மாலையே கட்டிக் கொடுத்துவிடலாம், குச்சி நன்றாக இருந்தால் கிறிஸ்துமஸுக்கு அதையே வாசிக்கலாம், கார்பன் வில் உடனே வாங்க வேண்டிய அவசியம் இருக்காது.